இடப்பக்கக் கம்பி

ஏப்ரல் 6, சனி

காற்று தென்கிழக்கு, மிதம். வானம் தெளிவு. துறைமுகப் பதிவேட்டில் முதல் வரி காற்றுக்குத்தான். அந்தப் பழக்கம் இந்த நோட்டிலும் ஒட்டிக்கொண்டது.

பைலட் என்றால் சொந்தக்காரர்கள் இன்றும் விமானம் என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். வெளிநாட்டுக் கப்பல் துறைமுக வாசலுக்கு வந்ததும், கயிற்று ஏணியில் ஏறிப்போய், அதைப் பத்திரமாக உள்ளே கொண்டுவந்து கட்டுகிறவன் துறைமுகப் பைலட். தூத்துக்குடியில் முப்பத்தொரு வருடம் அதைச் செய்து ஓய்வுபெற்றேன். பிறகு ஒன்றரை வருடம் வீட்டில் உட்கார்ந்து பெலிசியாவின் சமையலறையை ஒழுங்குபடுத்தினேன். கடுகு டப்பாவின் இடத்தை மாற்றியபோது என் மனைவியின் பொறுமை தீர்ந்துபோனது. அவளே விசாரித்து எனக்கு ஒரு வேலை பிடித்துத் தந்தாள்.

ஊருக்குத் தெற்கே ஆற்றுக் கழிமுகத்தில் இருக்கிறது நீலச்சிப்பி படகு மன்றம். முதலாளி ரூபன், என் மகன் வயது. அவரிடம் சிவப்பு ஜெட் படகு ஒன்று இருக்கிறது. ஓட்டுகிறவனைத் தவிர எட்டுப் பேர் உட்காரலாம். மற்றப் படகுகளைப்போல அடியில் சுழல்விசிறி கிடையாது. தண்ணீரை வயிற்றுக்குள் உறிஞ்சிப் பின்பக்கமாகப் பீய்ச்சியடித்து ஓடும். சுற்றுலா வருகிறவர்களை ஏற்றிப்போய் இருபது நிமிடம் அலறவைத்துத் திரும்பக் கொண்டுவர வேண்டும். அதில் எனக்கு ஒரு சிரமமும் இல்லை.

சிரமம் சாயங்காலம் வந்தது. உப்புத் தண்ணீரில் கிடந்தால் படகு கெட்டுவிடும் என்று தினமும் டிரெய்லரில் ஏற்றிக் கரைக்குக் கொண்டுபோகிறார்கள். டிராக்டர் ஓட்டும் முத்துக்கனி, டிரெய்லரைப் பின்னோக்கித் தண்ணீருக்குள் இறக்கி நிறுத்துவாள். நான் படகை ஓட்டிப்போய் அதன்மேல் ஏற்ற வேண்டும். அவ்வளவுதான். நாற்பதாயிரம் டன் நிலக்கரிக் கப்பலைச் சாணளவு பிசகாமல் கட்டியவன், இதற்கு ஏழு முறை முயன்றேன். அதற்குள் முத்துக்கனி டிராக்டர் சீட்டில் உட்கார்ந்து ஒரு பொட்டலம் கடலையைத் தின்று முடித்துவிட்டாள். கடைசியில் இருவரும் இடுப்பளவு தண்ணீரில் இறங்கிக் கையால் தள்ளி ஏற்றினோம்.

"பெரிய பைலட்டு ஒருத்தரு வாறாருன்னு ரூபன் தம்பி சொன்னாரு" என்றாள். "அது நீங்கதானா, இல்ல அவரு இனிமேத்தான் வருவாரா?"

ஏப்ரல் 7, ஞாயிறு

காரணம் கண்டுபிடித்துவிட்டேன். தவறு என்னுடையதல்ல, என் அனுபவத்தினுடையது.

கப்பலைக் கரைக்குக் கொண்டுவரும்போது வேகத்தைக் கொன்றுகொண்டே வர வேண்டும். கரை நெருங்க நெருங்க இன்ஜினை நிறுத்திவிடுவேன், கப்பல் தானாக மிதந்து வந்து சேரும். என் எலும்புக்குள் இறங்கிய பாடம் அது. ஜெட் படகில் அதைச் செய்தால் முடிந்தது கதை. பின்னால் பீய்ச்சும் தண்ணீரைத் திருப்பித்தான் படகு திரும்புகிறது. கேஸ் கொடுப்பதை நிறுத்தினால் பீய்ச்சும் தண்ணீர் நிற்கும், ஸ்டீயரிங் வெறும் அலங்காரம். டிரெய்லருக்குப் பத்தடி தூரத்தில் கேஸை நிறுத்திவிட்டு, திரும்பு திரும்பு என்று ஸ்டீயரிங்கைச் சுற்றிக்கொண்டிருந்திருக்கிறேன்.

"பயந்தா போச்சு சார். பயமில்லாம கொஞ்சம் கேஸ் குடுத்துக்கிட்டே வாங்க" என்றார் ரூபன். இனி பிரச்சினை இல்லை.

ஏப்ரல் 10, புதன்

ஐந்து முறை. காற்று.

ஏப்ரல் 14, ஞாயிறு

விடுமுறை. பெலிசியா பாயசம் வைத்தாள். டம்ளர் என் கை பட்டுக் கவிழ்ந்து மேசைவிரிப்பு பாழ். டம்ளரைப் போய் மேசையின் இடது ஓரத்தில் வைப்பார்களா? சொன்னேன். அவள் துடைத்துவிட்டு, இன்னொரு டம்ளரை என் வலது கைப்பக்கம் கொண்டுவந்து வைத்தாள். கல்யாணமான முப்பத்தாறு வருடத்தில் சண்டை போடாமல் விட்டது இதுவே முதல் தடவை. வயதாகிறது அவளுக்கு.

ஏப்ரல் 17, புதன்

மேற்கேயிருந்து வீசும் கச்சான் காற்று தலைகாட்டத் தொடங்கிவிட்டது. டிரெய்லரின் இடப்பக்க மட்கார்டு மூன்றாவது முறையாக நெளிந்தது. முத்துக்கனி வண்டியிலிருந்து இறங்கிவந்து இடுப்பில் கைவைத்து நின்றாள்.

"பைலட் சார், டிரெய்லருக்குப் பின்னால ரெண்டு பக்கமும் கைடு கம்பி நட்டுருவோம். ரெண்டு கம்பிக்கும் நடுவுல படக விட்டியள்னா தானா ஏறிரும்."

எனக்குச் சுருக்கென்றது. "கம்பி நட்டுத்தான் நான் கப்பலக் கட்டுனேனா? அதெல்லாம் படிக்கிற பிள்ளைகளுக்கு."

"கப்பலுக்கு முன்னால ஒரு டக்கு, பின்னால ஒரு டக்கு போட்டு இழுத்துட்டுதான வந்தீய? நான் துறைமுகத்துல லாரி ஓட்டும்போது பாத்திருக்கேம்லா. ஒத்தையாவா கொண்டுவந்தீய?"

டக் என்பது கப்பலைத் தள்ளியும் இழுத்தும் கரை சேர்க்கும் சின்ன இழுவைக் கப்பல். முப்பத்தொரு வருடத்தில் ஒரு கப்பலின் கேப்டன்கூட என்னிடம் இப்படிக் கேட்டதில்லை.

"இந்த ரெண்டு கம்பியும் உங்க டக்குன்னு நெனச்சுக்கிடுங்க" என்று சொல்லிவிட்டு அவளே வெல்டிங் பட்டறைக்குப் போன் போட்டாள்.

ஏப்ரல் 19, வெள்ளி

கம்பி வந்துவிட்டது. டிரெய்லரின் பின்கோடியில் இரண்டு பக்கமும் நெஞ்சளவு உயர இரும்புக் குழாய்கள். மேலே பிளாஸ்டிக் குழாய் சொருகியிருப்பதால் படகு உரசினாலும் அது உருளும், படகுக்குக் காயம் வராது. டிரெய்லர் முழுக்கத் தண்ணீருக்குள் மறைந்தாலும் கம்பிகள் மட்டும் வெளியே நிற்கும். எங்கே இருக்கிறது டிரெய்லர் என்று தேட வேண்டாம்.

இதிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. டிரெய்லரை ரொம்ப ஆழத்தில் இறக்கக் கூடாது. இறக்கினால் கம்பி இருந்தும் படகு அதன்மேல் மிதந்து அலையும். மட்கார்டின் தலை மட்டும் நனைந்தால் போதும். காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறதோ அந்தப் பக்கக் கம்பியைக் குறிவைத்து, லேசாகக் கேஸ் கொடுத்துக்கொண்டே வர வேண்டும். காற்று தள்ளும்போது எதிர்ப்பக்கக் கம்பி படகைத் தாங்கிக்கொள்ளும். படகின் மூக்கு டிரெய்லரின் ரோலரில் ஏறியதும் இன்ஜினை நிறுத்திவிட வேண்டும், இல்லையென்றால் அடிமணலை உறிஞ்சிவிடும். பிறகு முத்துக்கனி கொக்கியை மாட்டி வின்ச்சைச் சுற்றிப் படகை மேலே இழுப்பாள்.

முதல் முயற்சியிலேயே ஏறியது. இடப்பக்கம் கொஞ்சம் பலமாக உரசியது, அவ்வளவுதான். முத்துக்கனிக்குக் கடலை மிட்டாய் வாங்கிக் கொடுத்தேன். தோல்வியை ஒப்புக்கொள்ளும் கௌரவமான வழி.

ஏப்ரல் 28, ஞாயிறு

ஒன்பது நாளாக ஒரே முயற்சியில் ஏற்றுகிறேன். கரையில் நிற்கிறவர்கள் செல்போனில் படம்பிடிக்கிறார்கள். நானும் கொஞ்சம் முகத்தைத் திருப்பிக் காட்டுகிறேன்.

இடப்பக்கக் கம்பியின் பிளாஸ்டிக் குழாயை இரண்டாவது முறை மாற்றினார்கள். வலப்பக்கக் குழாய் கடையில் வாங்கியதுபோல அப்படியே இருக்கிறது. மட்டமான சரக்கைக் கொடுத்திருப்பான் பட்டறைக்காரன்.

மே 3, வெள்ளி

விசித்திரம். இன்று காற்று திரும்பி இடப்பக்கமிருந்து அடித்தது. அப்படியென்றால் படகை வலப்பக்கம் தள்ள வேண்டும் அல்லவா? ஆனாலும் இடப்பக்கக் கம்பியில்தான் போய் இடித்தது. நீரோட்டம் ஏதோ செய்கிறது. கழிமுகத் தண்ணீரை யாராவது முறையாக ஆராய வேண்டும்.

கோவிலில் மாலைப் பூசையின்போது பெலிசியா எனக்கு வலப்பக்கம் வந்து உட்கார்ந்தாள். கல்யாணமான நாளிலிருந்து இடப்பக்கம் உட்கார்ந்தவள். கேட்டால், "இங்கனதான் காத்தாடி காத்து வருது" என்றாள். மின்விசிறி இரண்டு பக்கமும் ஓடிக்கொண்டிருந்தது.

மே 9, வியாழன்

பெரிய செய்தி. மே மாதம் மாதாவுக்குரிய மாதம், அது முடிவதை ஒட்டிக் கோவில் பாடகர் குழுப் பெண்கள் உல்லாசப் பயணம் போகிறார்கள். எங்கே? எங்கள் நீலச்சிப்பிக்கு. மே 26, ஞாயிறு. ரூபன் அவர்களுக்காகவே காலையில் படகை ஒதுக்கிவிட்டார். எட்டுப் பேர். அதில் பெலிசியா உண்டு.

இந்த நோட்டை யாரும் படிக்கப்போவதில்லை என்பதால் எழுதுகிறேன். நான் ஓட்டிய எந்தக் கப்பலிலும் அவள் ஏறியதில்லை. விதி இடம் கொடுக்காது. ராத்திரி பகல் பாராமல் நான் ஓடியபோதெல்லாம் வீட்டில் இருந்தாள். மகன் பிறந்த அன்று நான் ஒரு கிரேக்கக் கப்பலின் மேல்தளத்தில் நின்றுகொண்டிருந்தேன். என்ன வேலை செய்தேன் என்பது அவளுக்கு வாய்வழிச் செய்திதான், அதுவும் என் வாய்வழியாக வந்தது. ஒரே ஒரு தடவை அவள் உட்கார்ந்திருக்கும்போது நான் ஓட்ட வேண்டும். ரொம்ப ஆசையாக இருக்கிறது.

"மெதுவா ஓட்டுவியளா?" என்று கேட்டாள்.

"மெதுவா ஓட்டுறதுக்குப் பேரு ஜெட் படகா?"

"அப்போ புதுச் சேல கட்ட மாட்டேன்" என்றாள். ஆனால் சாயங்காலமே பீரோவைத் திறந்து புதுச் சேலையைத்தான் எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மே 15, புதன்

சின்ன வள்ளத்தில் மீன்பிடிக்கும் ஒரு வள்ளக்காரர் என்னை வாய்க்கு வந்தபடி ஏசினார். கழிமுகத்தின் நடுவில் வலை போட்டுக்கொண்டிருந்தாராம். எனக்கு இடப்பக்கம் திடீரென்று முளைத்துவிட்டார். பத்தடியில் திருப்பினேன். பயணிகள் அது வேடிக்கைக்குச் செய்தது என்று நினைத்துக் கைதட்டினார்கள். கொடி கட்டாமல், சத்தம் கொடுக்காமல் நடுத்தண்ணீரில் நின்றால் யார் பொறுப்பு?

கரையில் முத்துக்கனி கேட்டாள், "வள்ளத்தப் பாக்கலையா சார்?"

"பாத்துத்தான திருப்புனேன்."

"அந்தாளு கால் மணி நேரமா அங்கனயேதான நிக்காரு" என்றாள்.

கண்ணாடிக் கடையில் போன மாதம்தான் கண்ணைச் சோதித்தேன். கடைசி வரிப் பொடி எழுத்தைத் தடங்கலில்லாமல் படித்தேன். கடைக்காரப் பையனே அசந்துபோனான்.

மே 20, திங்கள்

பெலிசியா ஊசியில் நூல் கோத்துத் தரச் சொன்னாள். ஒரே தடவையில் கோத்துக் கொடுத்தேன். எதற்காகக் கேட்டாள் என்று தெரியவில்லை, தைக்கவும் இல்லை. வாசல்நிலையில் இடது தோள் இடித்தது. பழைய வீட்டுக் கதவுகள் குறுகல்.

மே 24, வெள்ளி

காற்று மேற்கு, பலம். இன்று மிகச் சரியாக ஏற்றினேன். முத்துக்கனி ஒரு விளையாட்டுக் காட்டினாள். எழுதும்படி ஒன்றுமில்லை.

மே 25, சனி

நேற்று எழுதாமல் விட்டதை எழுதுகிறேன். பதிவேட்டில் பொய் எழுதினால் அதுவரை ஓட்டியதெல்லாம் பொய்.

நேற்று கடைசிச் சவாரி முடிந்து வந்தேன். டிரெய்லர் தண்ணீரில் தயாராக இருந்தது. காற்று பலம்தான், ஆனாலும் இரண்டு கம்பிக்கும் நடுவில் நூல் பிடித்ததுபோலப் போனேன். இந்த முறை எங்கேயும் உரசவேயில்லை. மூக்கு ரோலரில் ஏறியது, இன்ஜினை நிறுத்தினேன். எழுந்து நின்று இரண்டு கையையும் விரித்துக் காட்டினேன்.

முத்துக்கனி கொக்கியை மாட்டாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ரெண்டு கம்பியும் தெரிஞ்சுதா சார்?"

"தெரியாமலா? நட்ட நடுவுல கொண்டுவந்தேன், பாக்கலையா நீ?"

"இடது கம்பியும் தெரிஞ்சுது, என்ன?"

"அதான் சொல்லுதேனே."

அவள் டிராக்டரிலிருந்து இறங்கித் தண்ணீரில் நடந்து என் வலப்பக்கமாக வந்தாள். எப்போதும் நாலு வீட்டுக்குக் கேட்கும் குரல், சின்னதாகிவிட்டது.

"சார், நீங்க சவாரி போனதும் அத நான் கழட்டிட்டேன். வளஞ்சு கெடந்துச்சுன்னு பட்டறைக்குக் குடுத்துவிட்டிருக்கேன். வந்ததும் சொல்லணும்னுதான் நின்னேன். அதுக்குள்ள நீங்க விறுவிறுன்னு உள்ள வந்துட்டிய. கொஞ்சம் திரும்பிப் பாருங்களேன்."

தலையைத் திருப்பிப் பார்த்தேன். கம்பி இருந்த இடத்தில் போல்ட் துளைகள் இரண்டு. வேறு ஒன்றுமில்லை.

ஆனால் நான் பார்த்தேன். சத்தியமாகப் பார்த்தேன். இல்லாத கம்பியைப் பார்த்து, அதற்கும் இருக்கிற கம்பிக்கும் நடுவில் படகைக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறேன்.

அவளைக் கண்டபடி திட்டிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். இன்று காலை மாடியில் நின்று வலக் கண்ணைக் கையால் மூடினேன். துணிக்கொடியில் நாலு துணி. கையை எடுத்துவிட்டுத் தலையையும் திருப்பிப் பார்த்தேன். ஏழு துணி. மறுபடி மூடினேன், நாலு. காணாமல்போன இடம் கறுப்பாக இருந்தால் எப்போதோ கண்டுபிடித்திருப்பேன். அப்படி இல்லை. அங்கே வானம் இருந்தது, அடுத்த வீட்டுச் சுவர் இருந்தது, துணி மட்டும் இல்லை. ரொம்ப நேரம் அங்கேயே நின்றேன். முப்பத்தொரு வருடம் கண்ணை நம்பிச் சாப்பிட்டவனுக்கு அந்த நேரம் எப்படி இருந்தது என்று எழுத வரவில்லை. பயந்தேன் என்று மட்டும் எழுதிவைக்கிறேன்.

கண் டாக்டரிடம் திங்கட்கிழமைக்கு நேரம் வாங்கினேன். நாளைக்கே வரச் சொன்னால்கூடப் போயிருக்க மாட்டேன், நாளை ஞாயிறு, பெலிசியா படகில் ஏறும் நாள்.

மாலையில் முத்துக்கனியிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். அவள் கேட்டாள், "ரூபன் தம்பிகிட்ட சொல்லிட்டியளா?"

"திங்கக்கிழம சொல்லிருதேன். நாளைக்கு மட்டும், இருபதே நிமிசம். என் வீட்டுக்காரி வாறா."

அவள் கையிலிருந்த கடலைப் பொட்டலத்தை மடித்து வைத்தாள். பிறகு, "நான் போய்ச் சொல்ல மாட்டேன். நீங்க கப்பலுக்குப் பொறுப்பா இருந்தவரு, உங்களுக்குத் தெரியும்" என்றாள். அதற்குப் பதில் என்னைத் திட்டியிருக்கலாம்.

இருபது நிமிடம்தான். வழக்கமாகப் போகும் வழிதான். தலையை அடிக்கடி இடப்பக்கம் திருப்பிக்கொண்டால் சமாளித்துவிடலாம்.

மே 26, ஞாயிறு

காற்று மேற்கு, மிதம். தண்ணீர் அமைதி. படகு ஓட்ட இதைவிட நல்ல நாள் அமையாது.

பாடகர் குழுப் பெண்கள் காலைப் பூசை முடிந்து நேராக வந்தார்கள். லைஃப் ஜாக்கெட்டைச் சேலைமேல் மாட்டுவதற்கே அரை மணி நேரம் ஆனது. ஒருத்தி ஜெபமாலையைக் கையில் சுற்றிக்கொண்டாள். இன்னொருத்தி, "பைலட் அண்ணன் ஓட்டுதாரு, நமக்கென்ன பயம்" என்றாள். அவள் ஜாக்கெட்டின் வாரை நான் இன்னொரு முறை இழுத்துக் கட்டினேன்.

கிளம்புமுன் தலை எண்ணுவது விதி. ஸ்டீயரிங்கில் கைவைத்தபடி வலது தோள்வழியாகத் திரும்பிப் பின்னால் எண்ணினேன். ஏழு. ரூபன் கொடுத்த சீட்டில் எட்டு. மறுபடி எண்ணினேன். ஏழு.

"ரூபன், ஒரு ஆளு குறையுதே. யாரு இன்னும் ஏறல?"

என் முழங்கைப் பக்கத்திலிருந்து குரல் வந்தது.

"நான் இங்கனதான இருக்கேன்."

பெலிசியா. முன்சீட்டில், எனக்கு இடப்பக்கம், ஒரு கை தூரத்தில். புதுச் சேலை கட்டியிருந்தாள்.

அவள் கோபப்படவில்லை. கண் மட்டும் கலங்கியிருந்தது. அவளைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். நடுத்தண்ணீரில் நின்ற அந்த வள்ளக்காரர் ஞாபகம் வந்தது. அவரும் இப்படித்தான் அங்கேயே இருந்திருக்கிறார், கால் மணி நேரமாக. ஒரு கை தூரத்தில் இருக்கிற என் பெண்டாட்டியே கண்ணுக்குத் தெரியாதவன் எட்டுப் பேரை ஏற்றிக்கொண்டு எங்கே போவது?

இன்ஜின் சாவியைக் கழற்றினேன்.

"ரூபன், எனக்கு இடப்பக்கம் கண்ணு தெரியல. இன்னைக்கு நேத்து இல்ல, கொஞ்ச நாளாவே தெரியல. நீங்க ஓட்டுங்க."

அத்தனை பேர் முன்னால் சொன்னேன். சொல்லி முடித்ததும், நெஞ்சுமேல் இருந்த கல்லை யாரோ இறக்கிவைத்ததுபோல இருந்தது. ரூபன் ஒரு கேள்வியும் கேட்காமல் படகில் ஏறிச் சாவியை வாங்கிக்கொண்டார். கரையில் முத்துக்கனி டிராக்டரின் மறுபக்கம் போய் மூக்கைச் சிந்தினாள்.

நான் இறங்கப் போனேன். பெலிசியா என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"எங்க போறிய? நீங்க இல்லாம நான் எதுக்கு இதுல? நம்ம ரெண்டு பேரும் அந்தப் பின்சீட்டுல உக்காருவோம். லில்லி, நீ எழுந்து முன்னால போடி."

ஓட்டுகிறவனைத் தவிர எட்டு இடம், ஆட்களோ என்னைச் சேர்த்து ஒன்பது. யார் இறங்குவது என்று ஒரு நிமிடம் குழப்பம். ஜெபமாலைக்காரி, "மாதா எனக்கு வழி காட்டிட்டா" என்று சொல்லி முதல் ஆளாகக் குதித்துக் கரையேறிவிட்டாள். என்னைப் பின்சீட்டின் இடது கோடியில் தள்ளிவிட்டு, பெலிசியா எனக்கு வலப்பக்கம் உட்கார்ந்தாள்.

ரூபன் கேஸ் கொடுத்தார். மனுஷி போட்ட சத்தத்தில் கழிமுகத்துக் கொக்கெல்லாம் எழும்பிவிட்டது. படகு வட்டமடித்தபோது என் தோளில் வந்து மோதினாள், தண்ணீர் அடித்து முகமெல்லாம் வழிந்தது, "ஏசுவே ஏசுவே" என்றாள், அடுத்த நொடி "இன்னொரு தடவ, இன்னொரு தடவ" என்று ரூபனிடம் கத்தினாள். நான் ஓட்டியிருந்தால் தண்ணீரைத்தான் பார்த்திருப்பேன். இருபது நிமிடமும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். இத்தனை வருடத்தில் அவள் இப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. எத்தனையோ தடவை சிரித்திருப்பாள், நான்தான் துறைமுகத்தில் இருந்திருப்பேன்.

மே 27, திங்கள்

கண்ணில் நீர் அழுத்தமாம், கிளாக்கோமா. டாக்டர் பெண் சின்ன வயது, ஆனால் பேச்சில் சுற்றிவளைப்பு இல்லை. இடது கண்ணில் போனது போனதுதான், திரும்பாது. வலது கண்ணிலும் ஓரம் லேசாக ஆரம்பித்திருக்கிறது. காலையும் இரவும் சொட்டு மருந்து விட்டால் இருப்பதைக் காப்பாற்றிக்கொள்ளலாம். நல்ல வேளை இப்போதாவது வந்தீர்கள் என்றார். படகு ஓட்டலாமா என்று கேட்டேன். கூடாது என்றார். ஒருவேளை கொஞ்ச நாள் கழித்து என்று இழுத்தேன். அதற்கும் கூடாது என்றார்.

பெலிசியா மருந்துக்கடை வாசலில் நின்றுகொண்டிருந்தாள்.

"என்ன சொன்னாவ?"

"இனிமே படகு ஓட்டக் கூடாதாம்."

"ஏறி உக்காரலாமா?"

"உக்காரலாம். அதுக்கென்ன?"

"அப்போ ரூபன் தம்பிக்குப் போன் போடுங்க" என்றாள். "வாற ஞாயித்துக்கெழமைக்கு ரெண்டு சீட்டு."